வருஷத்துக்கு ஒரே ஒரு பெயர்

சான் இசித்ரோ, கபீஸ்
12 ஜூலை 1993

அன்புள்ள ரொவேனா அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் நீங்கலாக. நீயும் பெரியம்மாவும் தம்பிகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஜெனரல் சாந்தோஸிலும் மின்சாரம் இப்படித்தான் போகிறதா? இங்கே அது வருவதுதான் செய்தி.

நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயம். நான் ஜப்பானுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இறால் வளர்ப்பில் முதுகலை, உதவித்தொகையோடு. நம் கல்லூரி டூபாஸ் சார் படித்த அதே பல்கலைக்கழகம். நீ கல்லூரியில் இருந்தபோது அதைப் பற்றியே பேசிப் பேசி எங்கள் காதைத் துளைத்தாயே, அதேதான்.

படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். சிபாரிசுக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். யாரிடம் வாங்குவது? அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. மேயர்தான். எனக்கு உறுதிபூசுதல் கொடுத்தபோது ஞானத்தந்தையாக நின்றவர் என்பதால் அவருக்குக் கடமையாம். "படிச்சவன் கையெழுத்து கல்லூரி வாசல் வரைக்கும்தான் செல்லும்டி. மேயர் முத்திரை கடல் தாண்டியும் செல்லும்" என்கிறாள்.

டீனைக் கேட்கலாம். பெரிய பதவி. ஆனால் அவருக்கு என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். டூபாஸ் சாருக்கு என் வேலை தெரியும். அளவுக்கு மீறித் தெரியும். மின்வெட்டில் பம்பு நின்று என் தொட்டியில் இறால் குஞ்செல்லாம் செத்த அன்று வகுப்பு முழுக்க இருக்கும்போது என்னைத் திட்டினாரே, அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்.

நீ அவரிடம் என்னைவிட அதிக வருஷம் இருந்தவள். யாரைக் கேட்கலாம் என்று நீ சொன்னால் அதையே செய்கிறேன். சீக்கிரம் எழுது. எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை.

உன் தங்கை,
டிவினா


ஜெனரல் சாந்தோஸ்
9 ஆகஸ்டு 1993

அன்புள்ள டிவினா,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. தொழிற்சாலையில் சூரை மீன் குவிந்து கிடக்கிறது, சோதனைக்கூடத்தில் நான் ஒருத்தி. அதனால்தான் தாமதம். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. தம்பிகள் வழக்கம்போல. சித்தியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

ஜப்பான் செய்தி கேட்டுச் சந்தோஷம்.

சிபாரிசு விஷயம். டூபாஸ் சார் வேண்டாம். அவர் மனத்தில் ஒன்று வைத்துக்கொண்டால் அதை எழுத்திலும் காட்டுவார். என்னோடு படித்த ஒரு பையன் அவரிடம் கேட்டு வாங்கினான். "நேரத்துக்கு வருவான்" என்று ஒரே வரி. பையன் அதை ஆறு மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். செத்த தொட்டியைப் பற்றி எழுதிவிட்டால் உன் கதை முடிந்தது.

டீனைக் கேள். பதவிக்கு மரியாதை உண்டு. மேயர் கடிதமும் கூடவே இருக்கட்டுமே, என்ன கெட்டுவிடும்? சித்தியின் மனம் குளிரும்.

விண்ணப்பம் போக வேண்டிய கடைசி நாள் எது? கல்லூரியிலிருந்து வேறு யாராவது போடுகிறார்களா? தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கொதிக்க வைத்த தண்ணீர் குடி.

அன்புடன்,
அக்கா ரொவேனா


சான் இசித்ரோ
23 ஆகஸ்டு 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகமும் பெரியம்மாவின் இரத்த அழுத்தமும் அப்படியே குறைந்த நிலையில் இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

நீ "சித்தியின் மனம் குளிரும்" என்று எழுதினாய் அல்லவா? அதை வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த தவறு. மறுநாளே அம்மா நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கூடைப் புலி இறாலோடு என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பிவிட்டாள். மேயர் உட்காரவைத்து, "என் ஞானமகளுக்கு இல்லாததா?" என்று அங்கேயே எழுத்தரைக் கூப்பிட்டுச் தான் சொல்லச் சொல்லத் தட்டச்சு அடிக்கச் செய்தார். கேள்: "இதைக் கொண்டுவரும் டிவினா மிக நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவள். எத்தனை தேர்தல் வந்தாலும் இவர்கள் என்னை விட்டு விலகியதில்லை. இவளுக்கு ஓர் இடம் கொடுத்தால் அதை எனக்கே செய்த உபகாரமாகக் கருதுவேன். பல்கலைக்கழகத்தாருக்கு எங்கள் ஊரில் என்றைக்காவது காரியம் ஆகவேண்டியிருந்தால் தயங்காமல் என்னை அணுகலாம்."

ஜப்பான்காரர்களுக்குச் சான் இசித்ரோவில் என்ன காரியம்? சேவல் சண்டைக்கு உரிமம் வாங்குவார்களா? அம்மா மட்டும் அந்தக் காகிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாளைக்கே விமானம் ஏறுகிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாள்.

டீனிடமும் போனேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லதும்மா. நீயே எழுதிக்கிட்டு வா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். எல்லோருக்கும் அப்படித்தானாம். அன்று முதல் என்னை நானே புகழ்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இந்தப் பெண் மிகவும் அடக்கமானவள்" என்று நானே எழுதினால் அதைவிட அடக்கமில்லாத வேலை உண்டா? எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். படித்தால் எவனோ துணிக்கடை விளம்பரம் எழுதியது போல இருக்கிறது.

கடைசி நாள் நவம்பர் பதினைந்து. வேறு யாரும் போடுவதாகத் தெரியவில்லை. ஒரு வரைவு இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு. என் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்தவள் நீ. இது ஒரு பக்கம்தானே?

உன் தங்கை,
டிவினா


சான் இசித்ரோ
20 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒரு வரியாவது போடக்கூடாதா? தபால்காரர் நம் தெருவில் திரும்புவதற்குள் நான் வாசலில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்தாலே இப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

ஒரு வேடிக்கை. சந்தையில் டூபாஸ் சாரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. நேராக வந்து, "வாழ்த்துகள்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்கு வாழ்த்து? ஜப்பான் விஷயம் டீன் மூலம் தெரிந்து கிண்டல் செய்கிறாரா? அவர் கிண்டல் செய்து நான் பார்த்ததில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது புரிகிறதா?

டீன் வரைவு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் தங்கை,
டிவினா


ஜெனரல் சாந்தோஸ்
4 அக்டோபர் 1993

அன்புள்ள டிவினா,

நாங்கள் சுகம். இரட்டை முறை வேலை, அதனால் எழுத முடியவில்லை.

வரைவைத் திருத்தி வைத்திருக்கிறேன். "அடக்கமானவள்" என்பதை எடுத்துவிட்டேன். "கடின உழைப்பாளி" இரண்டு இடத்தில் வந்தது, ஒன்று போதும். இதையே டீனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடு. அதற்கு மேல் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. டூபாஸ் சாரிடம் போய் நிற்காதே, நேரம்தான் வீண்.

இங்கே சோதனைக்கூடத்துக்குப் புதிய மேலாளர் வந்திருக்கிறார். டின்னைத் திறந்து, மோந்து பார்த்து, எழுதி, மூடி வைப்பதற்குப் பட்டம் எதற்கு என்று கேட்கிறார். குளித்துவிட்டு வந்தாலும் தலைமுடியில் சூரை வாடை போவதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போகிறார்கள். எனக்கும் அடுத்த ஆண்டு முப்பது ஆகிறது.

சித்தியைக் கேட்டதாகச் சொல். நவநாள் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
ரொவேனா


சான் இசித்ரோ
18 அக்டோபர் 1993

அக்கா,

நான் டூபாஸ் சாரைப் போய்ப் பார்த்தேன். அந்த "வாழ்த்துகள்" என்னைத் தூங்கவிடவில்லை. நான் கேட்டதற்கு நீ ஒரு வார்த்தை பதில் எழுதவுமில்லை.

கல்லூரியின் இறால் பொரிப்பகத்தில் நின்றுகொண்டு, கண்ணாடிக் குவளையில் குஞ்சுகளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கல்யாணப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"யாருக்கு சார் கல்யாணம்?"

"உனக்குத்தான். மாப்பிள்ளை கப்பல்ல இருக்காராமே. ரொவேனா எழுதியிருந்தா."

எனக்கு மாப்பிள்ளை எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று நீ எனக்கும் சொல்லியிருக்கலாம்.

அப்புறம்தான் எல்லாம் வந்தது. அவர் வருஷத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் ஜப்பானுக்கு அனுப்புவாராம். அங்கே இருக்கும் அவருடைய பழைய ஆசிரியர் மொரிதா அந்த ஒரு பெயரைத்தான் எடுத்துக்கொள்வாராம். டீன் கடிதம், மேயர் கடிதம் எல்லாம் உறை பிரிக்காமலே ஓரத்தில் கிடக்குமாம். "ரெண்டு பேரை நல்லவங்கன்னு எழுதினா அப்புறம் என் பேச்சுக்கு என்ன மரியாதை? இது ரொவேனாவுக்கு நல்லாத் தெரியுமே, உன்கிட்ட சொல்லலையா?" என்றார். இந்த வருஷம் என் பெயரைத்தான் நினைத்திருந்தாராம். ஆகஸ்டில் உன் கடிதம் போயிருக்கிறது: டிவினாவுக்குக் கல்யாணம், அவள் விண்ணப்பிக்கவில்லை, என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று.

ஆகஸ்டில். யாரைக் கேட்கலாம் என்று நான் உன்னைக் கேட்ட பிறகு.

தொட்டி செத்ததைச் சொன்னேன். "திட்டினேன். யாரைத் திட்டல? ஆனா என் தப்புதான்னு ஆய்வேட்டுல மறைக்காம எழுதினவ நீ ஒருத்திதான். அதுக்குத்தான் உன்னை அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் பாவம், குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடிதம் உன் பெயருக்குத் தட்டச்சாகி அவர் மேசையில் இருக்கிறது. நவம்பர் பதினைந்தாம் தேதி தபாலில் போடுவார். "பேரை மாத்தறது பெரிய வேலை இல்ல. மாத்தணுமா, நீயே சொல்லு" என்று கேட்டார். மாற்றுங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அக்கா. "அக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன். அவர் சொன்னார்: "சரி, கேளு. பதில் வரலைன்னா இருக்கிற பேரு போகும்."

இப்போது கேட்கிறேன். நீயே சொல். எனக்கு எழுத வேண்டாம், நேராக அவருக்கே எழுது. மாற்றுங்கள் என்றோ, வேண்டாம் என்றோ. நீ என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன். ஆனால் சொல்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

டிவினா


சான் இசித்ரோ
5 நவம்பர் 1993

அக்கா,

சார் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்கிறார். கடிதம் உன் கைக்குக் கிடைத்ததா இல்லையா? எழுத நேரம் இல்லாவிட்டால் தந்தி கொடு. நான் தினமும் பொரிப்பகத்துக்குப் போய் நிற்கிறேன். வேலை இருப்பது போலத் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

டிவினா


ஜெனரல் சாந்தோஸ்
30 நவம்பர் 1993

டிவினா,

நீயும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. புயலால் தபால் தாமதம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதி, கிழித்துப் போட்டேன். இரண்டுமே நேரத்துக்கு வந்துவிட்டன. தந்தி அலுவலகம் நான் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் போனேன். ஒருநாள் உள்ளே போய்த் தந்தித் தாளைக்கூட எடுத்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் பட்டம் வாங்கிய வருஷம் சாரிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷம் அப்பா போய்விட்டார், தம்பிகள் படிப்புக்காக இங்கே வந்தேன். இங்கிருந்தும் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் என்னைவிடச் சின்னவர் ஒருத்தர் போனார். முப்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். உனக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான் இருந்தது. உன் ஜூலைக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது. நீ ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் வந்தது.

கப்பல்கார மாப்பிள்ளை என் கற்பனை. அதற்கு வெட்கப்படுகிறேன். சும்மா இருந்ததற்கு வெட்கப்படுகிறேனா என்று என்னையே கேட்டால் நேர்மையான பதில் கிடைப்பதில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போக நான் விரும்பவில்லை.

ரொவேனா


கியூஷூ, ஜப்பான்
22 மே 1994

அன்புள்ள டிவினா,

சுகமா? ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கிற உரிமையும் எனக்கு இல்லை. என்னை வழியனுப்ப மணிலா வரை சித்தி வந்தாள். "டிவினாவுக்குக் காய்ச்சல், அதான் வரலை" என்று நீ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஊரில் நம் குடும்பத்துக்கே பெருமை என்று கட்டிக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்வது?

இங்கே தொட்டிகள் சுத்தம், மின்சாரம் போவதே இல்லை. பம்பு நின்றுவிடுமோ என்று நான் ஒருத்திதான் எழுந்து எழுந்து பார்க்கிறேன். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும். இருக்கிறேன்.

ரொவேனா


கியூஷூ
16 அக்டோபர் 1994

அன்புள்ள டிவினா,

நலமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. இது நலம் விசாரிக்கும் கடிதம் மட்டும் இல்லை. கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

டூபாஸ் சார் ஓய்வு பெற்று மகளோடு கனடா போய்விட்டார் அல்லவா? மொரிதா அவர்கள் நேற்று என்னை அழைத்து உட்காரவைத்தார். "உங்க சார் சொன்ன ஆள் யாரும் சோடை போனதில்ல. இப்ப அவர் இல்ல. உங்க ஊர்லேருந்து இந்த வருஷம் யாரை எடுக்கலாம்னு நீதான் சொல்லணும். ஒரே ஒரு பேரு" என்றார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

சிபாரிசுக் கடிதம் நான் எழுத வேண்டும். நீ அதற்குச் சம்மதிக்க வேண்டும். வேறு யாரையாவது தேர்ந்தெடுத்தாலும் சரி, அவர்கள் எழுதுவதையே மொரிதா ஏற்றுக்கொள்ளும்படி நான் பேசுகிறேன். உன் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்தவள் என்ற முறையில்தான் கேட்கிறேன். வேறு எந்த முறையிலும் கேட்க எனக்கு வாயில்லை.

ஒரு சங்கடம். படிவத்தின் கடைசியில், "விண்ணப்பதாரருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். நம் அப்பாக்களின் குடும்பப் பெயர் வேறு வேறு. நடுப்பெயராக நிற்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் "வில்யருஸ்" என்று இருப்பதைப் பார்த்து, உங்கள் நாட்டில் இது சாதாரணப் பெயரா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். மொரிதாவிடம் உண்மையைச் சொன்னேன். "உங்க சாரும் கல்யாணத்தால என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம் ஆகிட்டார், தெரியுமா? அதுக்காக அவர் சொன்ன பேரை எடுக்காம விட்டேனா?" என்று சிரித்தார். படிவம் அலுவலகத்துக்கு. தீர்மானிப்பது அவர். ஆனாலும் கையெழுத்துப் போடப் பேனா எழவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். நீ பதில் எழுதாவிட்டால் இந்த வருஷம் நான் யார் பெயரையும் கொடுக்கப் போவதில்லை.

ரொவேனா


சான் இசித்ரோ
7 நவம்பர் 1994

ரொவேனா அக்காவுக்கு,

இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்தான். ஏப்ரலில் வந்ததை ஆகஸ்டில்தான் பிரித்தேன்.

யாரைக் கேட்பது என்று இந்த முறையும் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். புது டீன் வந்திருக்கிறார். அவரும், "எழுதிக்கிட்டு வா" என்கிறார். மேயர் எப்போது வேண்டுமானாலும் தயார். பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றினால் போதுமாம். நீ எழுது. என் ஆய்வேட்டைப் படித்தவர்களில் இப்போது கையெழுத்துப் போட மிச்சம் இருப்பவள் நீ ஒருத்திதான். என் செத்த தொட்டியை மறைக்காமல் எழுது.

உறவில்லை என்ற வரியைப் படித்ததும், "போடட்டுமே, போன நவம்பரிலிருந்து அதில் பொய் என்ன இருக்கிறது?" என்று இதே மேசையில் எழுதினேன். எழுதி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் நிலையம் வரை போனேன். அங்கே வரிசை நீளம். நான் நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போது, நீயும் அன்றைக்குத் தந்தி அலுவலகத்தில் இப்படித்தானே நின்றிருப்பாய், ஆனால் நீ பாதியில் வெளியே போய்விட்டாய் என்று தோன்றியது. எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடு. தாள்கள் எல்லாம் இதோடு இருக்கின்றன. அம்மா உனக்குக் கணவாய்க் கருவாடு ஒரு பெட்டி தனியே அனுப்புகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "எங்க ரொவேனா, எங்க ரொவேனா" என்று சந்தையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற அதிகாரி, அனுப்பியது யார் என்று கேட்டால் சித்தி என்று சொல்லித் தொலைக்காதே. தெரிந்தவர்கள் என்று சொல். என் விண்ணப்பம் தேறும்வரை நீ யாரோ, நான் யாரோ.

தேறிவிட்டால் ஏப்ரலில் அங்கே வந்து இறங்குவேன். பெட்டியைக் கீழே வைத்த கையோடு உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பேன். யாரோ ஒருத்தியை அப்படி அடிக்க முடியாது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

டிவினா